ஆறாம் நம்பர் வீடு, எட்டாம் நிபந்தனை

— அப்ப இத்தன வருசமா நான் இந்த ஊட்டுல குடியிருந்ததே சட்டத்துக்குத் தெரியாதுங்களா சார்?

— தெரியாதுங்க மாசாணியக்கா. அதைத்தான் காலைல இருந்து சொல்லீட்டு இருக்கறேன்.

— காலைல இருந்து எங்கீங்க, நீங்க வந்து பத்து நிமிசந்தான் ஆச்சு. கேக்கறவளுக்குத்தான் காலைல இருந்து கேட்டாப்பல இருக்குது.

— சிரிங்க, சிரிங்க. நான் பள்ளிக்கூட ஆபீசுல மேனேஜராச் சேர்ந்து பதினாலு வருசம். இந்த லைன்ல ஆறு ஊடு. அஞ்சு ஊட்டுல குடியிருக்கறவங்க ஒரு தாட்டி சொன்னதும் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— சீக்கிரம் போட்டா நீங்க சீக்கிரம் கிளம்பிருவீங்கன்னு போட்டிருப்பாங்க.

— அக்கா, இது விளையாட்டில்லீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பொழுதோட அஞ்சு மணிக்குள்ள உங்க கையெழுத்து வரலீன்னா ஆறாம் நம்பர் ஊடு காலி பண்ற லிஸ்டுல போயிரும். நாளைக்கு வக்கீல் நோட்டீசு வரும். அப்பறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது.

— இப்ப மணி என்னாச்சுங்க?

— பதினொன்னே முக்கால்.

— அஞ்சுக்கு எவ்வளவு நேரம் கெடக்குது. நாலு மணிக்கு மேல வாங்களேன் சார். பள்ளிக்கூடம் விட்டதுக்கப்பறம் நல்லாப் பேசிக்கலாம்.

— முடியாதுங்க. லிஸ்டு போறதுதான் அஞ்சு மணிக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு மணிக்கே ட்ரஸ்ட் கூட்டம். ஆறு ஒப்பந்தத்தையும் மேசை மேல வெக்கணும்.

— அப்பச் சரி. அந்தக் காலி டிரம்மு மேல உக்காருங்க. கம்பி சுத்தி வந்த டிரம்முதான், உங்களைத் தாங்கும். நான் இந்தக் காயிலை முடிச்சுப்போடறேன். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது…

— வெயிலு ஏறுதுங்க. உள்ள ஃபேனுக்கடியில உக்காந்துக்கலாமே.

— உள்ள வேண்டாங்க. கம்பியும் பேப்பரும் பரப்பிக் கெடக்குது. இந்த சன்ஷேடு நெழலே போதும். நாப்பது, நாப்பத்தொண்ணு…

— இது எந்த மோட்டாருக்குங்க?

— ஒரு எச்.பி. மோனோபிளாக் பம்புக்கு. அறுபத்திரெண்டு சுத்து. ஒண்ணு கொறஞ்சாலும் வொர்க்‌ஷாப்புக்காரர் பாத்த ஒடனே சொல்லிப்போடுவாரு. அதனால சித்த நேரம் பேசாம இருங்க.

— சரிங்க.

— நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி மூணு.

— முதல்ல இருந்து ஒரு தாட்டி சொல்லிப்போடட்டுங்களா?

— அய்யோ சார், எண்ணிக்கை போச்சு.

— சின்ன விசயந்தானுங்க. எப்பிடி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா பயமே இருக்காது. பாருங்க, உங்க ஊட்டுக்காரர் ராசப்பண்ணன் நம்ம ஸ்கூல் பஸ்சு ஓட்டினாரில்லீங்க? அப்ப இந்த ஊடு அவரு வேலையோட சேர்ந்தது. பஸ்சுச் சாவியும் ஊட்டுச் சாவியும் ஒரே வளையத்துல. அப்பிடி வேலையோட குடுக்கற ஊடு இந்த வாடகைச் சட்டத்துக்குள்ளயே வராது.

— சரிங்க.

— அண்ணன் தவறி பதினோரு வருசம். புது டிரைவருக்கு ஒண்டிப்புதூர்ல சொந்த ஊடு. அப்ப நம்ம கரஸ்பாண்டென்ட் பங்காரம்மா உங்களக் கூப்புட்டு, மாசாணி, நீ எங்கயும் போக வேண்டாம், ஒரு வாடகையக் குடுத்துட்டு இருன்னு சொல்லிப்போட்டாங்க. நீங்களும் மாசாமாசம் ஆபீசுல கொண்டாந்து குடுக்கறீங்க. ஆனா ஒரு துண்டுக் காயிதம் கெடையாது. இப்ப நீங்க ஊழியர் குடும்பமும் இல்ல. எழுத்துல குடித்தனக்காரரும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல தொங்கீட்டு இருக்கறீங்க.

— பதினோரு வருசமாத் தொங்கறேன். கையொண்ணும் வலிக்கலீங்களே.

— பழைய சட்டத்துல வலிக்காதுங்க. அது அறுபதாம் வருசத்துச் சட்டம். வாய்ப்பேச்சுலயே குடி வரலாம், இருக்கலாம். ஒருத்தர் உள்ள வந்துட்டா வெளிய அனுப்பறது லேசுல நடக்காது. அதனால என்னாச்சு? ஊடு வெச்சிருந்தவங்க பயந்துட்டு, பூட்டியே போட்டுட்டாங்க. வரதராஜபுரத்துல நான் சின்னப் பையனா இருக்கைல எத்தன ஊடு பூட்டிக் கெடக்கும் தெரியுங்களா? குடியிருக்கறவங்களுக்கு நல்லது செய்யப் போயி, குடி தேடறவங்களுக்கு ஊடே கெடைக்காமப் போச்சு.

— அது சரீங்க. புதுச் சட்டம் வந்தது எப்ப?

— ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல நடப்புக்கு வந்துச்சு.

— பத்தொம்பதுல வந்ததுக்கு இப்பத்தான் டிரம்மு மேல உக்காந்திருக்கீங்களா?

— அது வந்துங்க, அடுத்த வருசமே கொரோனா. அப்பறம் ட்ரஸ்ட்டுக்குப் புது ஆளுக. அப்பறம் பழைய வக்கீலு மாறிட்டாரு.

— பசங்க ஹோம்வொர்க் எழுதாம வந்து இப்பிடிச் சொன்னா ஒத்துக்குவீங்களா சார்?

— ஒத்துக்க மாட்டோம்.

— அதுதான கேட்டேன்.

— நெசத்தைச் சொல்லோணுமுன்னா, பள்ளிக்கூடத்துக்கு நாமளும் வாடகைக்கு உடற ஒரு ஊட்டுக்காரருங்கற நெனப்பே இல்லீங்க. பாடம் நடத்தறோம், பரிச்சை வெக்கறோம். லைன் ஊடு ஆறும் மில்லு இருந்த காலத்துல இருந்து கெடக்குது, மரத்தைச் செடியைப் போல. யாரு அதைப் போயி யோசிப்பாங்க? புதுச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒத்தை ஊடு வெச்சிருக்கறவரானாலும் சரி, பள்ளிக்கூடமானாலும் சரி. எழுதணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், வாடகை அதிகாரிகிட்டப் பதியணும். ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் இருக்கறவங்கதான் குடித்தனக்காரர்.

— இல்லாதவங்க?

— எழுதாம விட்டதையே காரணமாக் காட்டி ஊட்டைத் திருப்பிக் கேக்கலாமுன்னு சட்டத்துலயே இருக்குதுங்க. அதைத்தான் நம்ம ட்ரஸ்ட்டி திருமலைசாமி சார் புடிச்சுக்கிட்டாரு. உங்க ஊடு பின் கேட்டுக்குப் பக்கத்துல இருக்குது பாருங்க, இடிச்சுப்போட்டா ரெண்டு பஸ்சுக்கு ஷெட்டு போடலாமாம்.

— எங்கூட்டுக்காரர் ஓட்டின பஸ்சு எங்க நின்னாலும் எனக்குச் சந்தோசந்தான். எம்மேல வந்து நின்னா எப்பிடிங்க?

— அதுக்குத்தான அக்கா நான் ஓடியாந்திருக்கறேன். நீங்க கையெழுத்துப் போட்ட நிமிசத்துல இருந்து திருமலைசாமி சாரால ஒண்ணும் செய்ய முடியாது. பதினோரு மாசத்துக்கு அவர் மட்டுமில்ல, நானு, பங்காரம்மா, யாரும் நடுவுல வாடகைய ஏத்த முடியாது. தண்ணிய, கரண்ட நிறுத்த முடியாது. அந்தக் காயிதம் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல நிக்கும். நீங்க ஸ்டேட்டரு இரும்புக்குள்ள கம்பி போற ஸ்லாட்டுக்கு ஒரு பேப்பர் வெக்கறீங்களே, அது எதுக்கு?

— செம்புக் கம்பி இரும்புல படாம இருக்கறதுக்குங்க.

— பட்டா?

— புகைஞ்சு போயிரும்.

— அதேதானுங்க. கம்பியும் வேணும், இரும்பும் வேணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் மோட்டார் ஓடும். ஆனா நேரா ஒண்ண ஒண்ணு தொடக்கூடாது. நடுவுல பேப்பர். ஊட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தமும் அந்தப் பேப்பர்தான்.

— நல்லாத்தான் சொல்றீங்க. ஊட்டுலயும் இப்பிடித்தான் பேசுவீங்களா?

— ஊட்டுல யாரு கேக்கறாங்க. எங்கூட்டுக்காரி பிந்து, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிச்சுக்கோங்கன்னு சொல்லிருவா.

— பாவம், அந்தம்மா டீய வேகமாக் குடிக்கப் பழகியிருக்கும். ஆனா ஒண்ணுங்க சார். பேப்பரைத் தப்பா மடிச்சு வெச்சாலும் மோட்டார் புகையும். அதைச் சொல்லாம உட்டுட்டீங்க.

— தப்பா மடிக்கலீங்க. ஒவ்வொண்ணாப் படிக்கறேன், கேளுங்க. முதல் நிபந்தனை, ஊடு யாருது. ரெண்டாவது, யாரு குடியிருக்கறாங்க. மூணாவது வாடகை, நீங்க இப்பக் குடுக்கறதேதான், ஏத்தல. நாலாவது, ஊட்டைக் குடியிருப்புக்கு மட்டுந்தான் பயன்படுத்தணும்.

— அப்ப இந்தக் காயில் சுத்தறது?

— கேப்பீங்கன்னு தெரியும். அதுக்குக் கீழ பாருங்க, நான் நேத்து பங்காரம்மாகிட்டப் போயி நின்னு ஒரு வரி சேர்த்தி வெச்சிருக்கறேன். "குடியிருப்பவர் வீட்டிலிருந்தபடி மோட்டார் காயில் சுற்றுவதற்குத் தடையில்லை." தமிழ்நாட்டுல வேற எந்த வாடகை ஒப்பந்தத்துலயும் இந்த வரி இருக்காதுங்க.

— அட, எம்பட கை மெஷினு சட்டத்துல ஏறிப்போச்சா.

— ஏறிப்போச்சு. அஞ்சாவது ரிப்பேர். செவுரு ஒழுகினா நாங்க, பல்பு போனா நீங்க. ஆறாவது எனக்கு ரொம்பப் புடிச்சதுங்க. ஊட்டுக்காரர் நெனச்ச நேரத்துக்கு உள்ள வர முடியாது. பாக்கோணும், செய்யோணுமுன்னா இருபத்திநாலு மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லணும். சட்டமே சொல்லுது. தன்னோட ஊடுதான, திறந்துட்டுப் போனா என்னன்னு ஊட்டுக்காரர் நெனைக்கக் கூடாது. வாடகைக்கு விட்டப்பறம் அந்த நிலைப்படிக்கு அக்கட்ட இருக்கறது உங்களுது.

— மெய்யாலுமா?

— மெய்யாலுந்தான். அப்பிடியே உள்ள வந்து அந்த ஒழுகற செவுரையும் பாத்துட்டுப் போயிடறேன். பங்காரம்மா கேப்பாங்க.

— இருபத்திநாலு மணி நேரங்க சார்.

— என்னங்க?

— இப்பத்தான சொன்னீங்க. நீங்க பள்ளிக்கூடத்து ஆளு. பள்ளிக்கூடம் ஊட்டுக்காரர். நாளைக்கு இந்நேரத்துக்கு வாங்க, செவுரைக் காட்டறேன்.

— அக்கா, கையெழுத்துப் போட்டாத்தான் அந்த நிபந்தனை.

— போடப் போறவதானங்க. இப்ப இருந்தே பழகிக்கலாம்.

— என்ன சொன்னாலும் திருப்பி எம்மேலயே போடறீங்க. சரி, உக்காந்துட்டேன். ஏழாவது காலி பண்றதுக்கு ஒரு மாசம் முன்ன சொல்றது. எட்டு…

— எட்டை மெதுவாப் படிங்க. கையெழுத்துப் போட்ட பக்கத்து ஊட்டுல முந்தாநேத்தே அதைச் சொன்னாங்க.

— "பள்ளி நேரத்தில் மாணவ, மாணவியர் எவரையும் குடியிருப்புக்குள் அனுமதிக்கக் கூடாது. மீறினால் இவ்வொப்பந்தம் முடிவுக்கு வரும்."

— அதை எடுத்துருங்க. பேனாவைக் குடுங்க, இப்பவே போடறேன்.

— எட்டையா?

— எட்டை மட்டுந்தாங்க. மத்ததெல்லாம் நீங்க எப்பிடி எழுதியிருந்தாலும் சரி.

— இவ்வளவு நேரம் காயிலு, செவுருன்னு கேட்டதெல்லாம்?

— நீங்க ஆசையாச் சொல்றீங்க, கேட்டுக்கிட்டேன். முதல்லயே எட்டுன்னு சொல்லியிருந்தா உங்க அறுபதாம் வருசத்துச் சட்டத்தை யாருக்குச் சொல்லுவீங்க?

— அக்கா, எட்டை எடுக்கறது லேசில்லீங்க. அது ஏன் இருக்குதுன்னு சொன்னா உங்களுக்கே ஞாயமாத் தெரியும். மத்த ஊட்டுக்காரர் வெறும் ஊட்டுக்காரர். பள்ளிக்கூடம் அப்பிடியில்ல. உங்களுக்கு நாங்க ஊட்டுக்காரர். ஆனா உள்ள உக்காந்திருக்கற எண்ணூறு புள்ளைகளுக்கு நாங்க காவல். பெத்தவங்க காலைல கேட்டுல உட்டுட்டுப் போறாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு தலைக்கும் நாங்க பதில் சொல்லணும். வாடகைக்கு உட்ட ஊட்டுக்குள்ள எங்களால எட்டிப் பாக்க முடியாது, ஆறாவது நிபந்தனை. அப்ப எங்களால எட்டிப் பாக்க முடியாத எடத்துக்குப் புள்ளைக போலாமா?

— அது சரீங்க.

— முன்னயெல்லாம் காயிதம் இல்லாததால இந்தக் கேள்வியே வரல. பங்காரம்மா ஒருத்தரே ஊட்டுக்காரர், அவங்களே காவல். அவங்களுக்கு உங்களத் தெரியும், அதோட போச்சு. எழுதறதுன்னு வந்தப்பறம் ரெண்டையும் பிரிச்சு எழுதத்தான ஆகணும். போன மாசம் திருமலைசாமி சார் ரெண்டு பொண்ணுக உங்க ஊட்டுல இருந்து வெளிய வாரதைப் பாத்துட்டாராம். அதுக்கப்பறந்தான் வக்கீல்கிட்டச் சொல்லி எட்டைச் சேத்தினாரு.

— அவர் என்ன பாத்தாராம்?

— வகுப்பு நேரத்துல வெளிய வந்துதுகளாம். கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லாம ஓடிப் போச்சுகளாம்.

— ஓடத்தான செய்யும்.

— ஏனுங்க, எதுக்கு வருதுக? எங்கிட்டச் சொல்லுங்க. முறுக்கு விக்கறீங்களா?

— நான் சுட்ட முறுக்கைத் தின்னுபோட்டு எங்கூட்டுக்காரரு ஒரு நாள் லீவே போட்டாரு. விக்கறதாம்.

— போனா? வகுப்புல போனு கொண்டாரக் கூடாதுன்னு உங்ககிட்டக் குடுத்து வெக்கறாங்களா?

— எனக்கு எம்போனையே சார்ஜ் போட நேரமில்லீங்க.

— கணக்கு டெஸ்டுக்குப் பயந்துட்டு வந்து ஒளிஞ்சுக்குதுகளா?

— நீங்க அந்த வயசுல எங்க போயி ஒளிஞ்சீங்க?

— சிங்காநல்லூர் கொளத்துக்கரைல. பேச்சை மாத்தாதீங்க. லவ் லெட்டர் ஏதாச்சும்?

— இந்தக் காலத்துல யாருங்க சார் லெட்டர் எழுதறாங்க. உங்க சட்டத்தைத் தவிர எதுவும் இப்பக் காயிதத்துல வரதில்ல.

— அக்கா, நான் உங்க பக்கம். காயிலுக்கு ஒரு வரி வாங்கினேனில்லீங்க? காரணம் தெரிஞ்சுது, பங்காரம்மாகிட்டச் சொன்னேன், வாங்கினேன். எட்டுக்கும் அப்பிடித்தான். ஒரே ஒரு வரி காரணம் வேணும். "இன்ன காரணத்துக்காக மாணவியர் வரலாம்." அவ்வளவுதான். அந்த 'இன்ன'வ நீங்க சொல்லோணும்.

— சொல்லாமப் போனா?

— கையெழுத்துப் போடாமப் போனா திருமலைசாமி சார் ஊட்டைக் கேப்பாரு. போட்டுட்டு ஒரு புள்ளைய உள்ள உட்டீங்கன்னா, எட்டை மீறிட்டீங்கன்னு கேப்பாரு. ரெண்டுல எதுன்னாலும் ஊடு போகும். நீங்க என்ன, ரோட்டையே பாத்துட்டு இருக்கறீங்க?

— காயில் எடுக்கற ஆட்டோ வரோணும். வந்தாத் தெரியுமில்லீங்க. கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சுப் பேசுங்க சார்.

— யாருங்க கேக்கப் போறாங்க இங்க?

— உங்களுக்குப் பொண்ணு, பையன் எத்தனைங்க?

— ஒரே பொண்ணு. ஏனுங்க?

— அப்ப சொன்னாப் புரியும். சார், வகுப்புல உக்காந்திருக்கும், பொம்பளப் புள்ள. அதுக்குன்னு ஒரு நாள் வருமில்லீங்க. அது ஞாயித்துக்கெழமை பாத்து வாரதில்ல. மூணாவது பீரியடுல, சமூக அறிவியல் வாத்தியார் மேப்பு காட்டீட்டு இருக்கைல வந்துரும்.

— ம்.

— முதத் தாட்டியா இருந்தா அதுக்கு என்னன்னே தெரியாது. அடிபட்டுடுச்சோன்னு நெனைக்கும். செத்துப் போயிருவோமோன்னு அழுத புள்ளைகளும் இருக்குது.

— ஸ்கூல்ல பாத்ரூம் இருக்குதுங்களே.

— இருக்குது. அறுநூறு லிட்டர் டாங்கி, காலைல இன்டர்வலோட தீந்துபோகும். மூணு கதவுல ஒண்ணுக்குத் தாப்பா இல்ல. நீங்க ஆபீசுல இருக்கறீங்க, நான் வேலிக்கு இக்கட்ட இருந்து பாக்கறேன்.

— சிக் ரூமு?

— உங்க மேசைக்கு நேர் எதிர்த்தாப்பல இருக்குது. நடுவுல ஒரு தட்டி. பியூனு, நீங்க, புக்கு கொண்டு வாரவரு எல்லாரும் அக்கட்டயும் இக்கட்டயும் போறீங்க. அங்க போயி ஒரு பன்னெண்டு வயசுப் புள்ள எப்பிடிங்க படுக்கும்?

— நான் இதை நெனச்சுக் கூடப் பாக்கல.

— நீங்க எப்பிடி நெனைப்பீங்க. பி.டி. மிஸ்சு கிருபா இருக்குதில்லீங்க, அதுதான் முதல்ல ஒரு புள்ளையக் கூட்டியாந்துது. எங்கூட்டுக்காரர் உசுரோட இருந்தப்பவே. அக்கா, இங்க சித்த படுக்கட்டும், அவங்கம்மா வர வரைக்கும்னு. அப்பறம் புள்ளைகளே தெரிஞ்சுக்குச்சுக. ஒண்ணு இன்னொண்ணுக்குச் சொல்லி வெச்சிருக்கும். உள்ள ஒரு பாய் இருக்குது. வெந்நி வெச்சுக் குடுப்பேன். பத்தாவது முடிச்சுப் போற புள்ளைக பழைய யூனிபார்ம் பேன்ட் குடுத்துட்டுப் போவாங்க, நாலு சைசுல தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கறேன். மாத்திக்கிட்டு, தலைய வாரிக்கிட்டு, யாருக்கும் தெரியாம மறுபடி வகுப்புக்குப் போயிரும். முதத் தாட்டின்னா அவங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்புவோம். வந்து கூட்டீட்டுப் போவாங்க.

— பங்காரம்மாவுக்குத் தெரியுங்களா?

— தெரியாதுங்க. எங்கிட்ட ஒரே ஒரு நிபந்தனைதான். எந்தப் புள்ளையா இருந்தாலும், அம்மாகாரிக்கு முன்னால வேற யாருகிட்டயும் சொல்லறதில்ல. டீச்சர்கிட்டயும் இல்ல, அப்பன்கிட்டயும் இல்ல. அதுக நம்பி வருதுக. ஊருல சீரு வெக்கறது, மாமனுக்குச் சொல்றதெல்லாம் அவங்கவங்க ஊட்டுப் பழக்கம், அது அப்பறம். முதல்ல அம்மாதான் கேக்கோணும்.

— சரிதானுங்க. நல்ல நிபந்தனைதான்.

— பாத்தீங்களா, எம்படதுலயும் ஒண்ணு சரின்னு சொல்லிட்டீங்க. அதுக்கு நம்பரு எதுவும் வேண்டாங்களா?

— கேலி பண்ணாதீங்க. நான் இப்ப இதை எப்பிடி எழுதறதுன்னு யோசிச்சுட்டு இருக்கறேன். "மாணவியரின் உடல்நலக் காரணங்களுக்காக…" அப்பிடின்னா, உடல்நலம்னா சிக் ரூமு இருக்குதேன்னு திருமலைசாமி சார் கேப்பாரு. வெவரமாச் சொல்லோணும். அஞ்சு ஆம்பளைக உக்காந்திருப்பாங்க, பங்காரம்மா ஒருத்தர்தான் பொம்பள. நான் எந்திரிச்சு நின்னு…

— உங்களுக்கு இப்பவே நெத்தியெல்லாம் வேர்க்குது. இந்தாங்க, துண்டு.

— வெயிலுங்க.

— சன்ஷேடு நெழல்லயா?

— ஒரு தாட்டி வாயில வந்துருச்சுன்னா சொல்லிப்போடுவேன். என்னால வெளக்கிச் சொல்ல முடியாத விசயம்னு ஒண்ணு இதுவரைக்கும் இருந்ததில்லீங்க. பாருங்க, மூணு நாளு அவகாசம் இருந்தா, முதல்ல பங்காரம்மாகிட்டத் தனியாச் சொல்லலாம். அவங்க வாயால கூட்டத்துல வரட்டும்னு ஏற்பாடு பண்ணலாம். டாங்கி, தாப்பா, தட்டி, அதையும் லிஸ்டு போட்டுக் குடுக்கலாம். நான் ஒரு பொண்ணைப் பெத்தவன், எனக்குமே இதெல்லாம் தெரியலீன்னா மத்தவங்களுக்கு எங்க தெரியும். எங்க மானசாவும் இங்கதான் ஏழாவது படிக்கறா. அவ சின்னப் புள்ள, அவளுக்கெல்லாம் இன்னும் நாளிருக்குது.

— தண்ணி குடிக்கறீங்களா சார்?

— வேண்டாங்க. உங்க ஊட்டைக் காப்பாத்தறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதான். இன்னைக்கு எட்டோடயே கையெழுத்துப் போட்டுப்போடுங்க. நம்பர் வந்துரட்டும், பஸ் ஷெட்டு கதை முடியட்டும். அடுத்த மாசக் கூட்டத்துல நானே எட்டை எடுக்கச் சொல்லி எழுதி வெக்கறேன். ஒப்பந்தத்தை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எப்ப வேணாலும் திருத்திக்கலாம், அது ஒண்ணும் கல்லுல வெட்டினதில்ல. அது வரைக்கும் ஒரு மாசம், புள்ளைகளை உள்ள உடாம இருந்தாப் போதும்.

— ஒரு மாசம் பொறுத்துக்கோ அம்மணின்னு அதுக ஒடம்புக்கு யாருங்க போயிச் சொல்லறது? உங்க வக்கீலா?

— கஷ்டந்தானுங்க. ஆனா ஒரு மாசத்துக்காக ஊட்டையே உட்டுட்டீங்கன்னா, அதுக்கப்பறம் எந்தப் புள்ளையும் எங்கயும் வர முடியாது. அதை யோசிங்க.

— அதை யோசிச்சுட்டுத்தான் ரெண்டு ராத்திரியாத் தூங்கலீங்க. சரிங்க. பேனாவைக் குடுங்க.

— போடறீங்களா?

— போடறேன். ஆனா இப்ப இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு ஆபீசுக்கு நானே கொண்டாரேன். நீங்க போங்க.

— இங்கயே போட்டா என்னங்க, சாட்சிக்கு நான் இருக்கறேன். ரெண்டு மணிக்குள்ள நகல் எடுக்கோணும், போட்டோ ஒட்டோணும். இந்த ஒரு மணி நேரத்துல என்ன மாறிடப் போகுது?

— உங்களைக் கேக்கறேன் சார். கையெழுத்துப் போட்டா எட்டு எப்ப இருந்து நடப்புக்கு வரும்?

— போட்ட நிமிசத்துல இருந்து. சாட்சிக்கு நிக்கறவன் நான். அப்பறம் உள்ள ஒரு புள்ள இருந்தா, பாத்தும் பாக்காதவன் மாதிரி போக முடியாது. இப்ப உள்ள யாரும் இல்லீங்களே?

— அதை எங்கிட்டக் கேக்காதீங்க.

— ஏனுங்க?

— எம்பட நிபந்தனையை இப்பத்தான நல்லதுன்னு சொன்னீங்க.

— அப்ப யாரோ இருக்குது. அதுக்குத்தான் உள்ள உட மாட்டேன்னு இருபத்திநாலு மணி நேரம் சொன்னீங்களா? சரிங்க, யாருன்னு நான் கேக்கல. எந்தப் புள்ளையா இருந்தாலும் மெதுவா எந்திரிச்சு, பின் கேட்டு வழியா சிக் ரூமுக்குப் போயிடட்டும். தட்டிக்கு ரெண்டு பக்கமும் யாரையும் உடாம நான் பாத்துக்கறேன். இந்தா, ரோட்டைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டேன். ஒரு நிமிசம் நேரம் குடுக்கறேன், வரச் சொல்லுங்க.

— சார், நில்லுங்க. அப்பிடிச் சொல்லாதீங்க. அவங்கம்மா காரமடையில இருந்து பஸ்சு ஏறிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க.

— எந்தப் புள்ளைக்கும் ஒரே சட்டந்தானுங்க அக்கா. ஒருத்தருக்கு உட்டா எல்லாருக்கும் உடணும்.

— அப்பா, நான் மானசா. அம்மா வர வரைக்கும் இங்கயே இருந்துக்கட்டுங்களாப்பா?